ஜிப்சியின் பின்பக்கத் தகரத்தில் கை வைக்கும் முன்: முதல்முறை செய்பவர்களுக்கு

என்னிடம் இருப்பது 2009 மாடல் மாருதி ஜிப்சி, சாஃப்ட் டாப் (துணிக்கூரை), வெள்ளை. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்புக்காரரிடம் வாங்கியது. பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகரத்தைக் கொஞ்சம் வெட்டிப் பெரிய டயர் போட வேண்டும்; அப்படியே, வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் சாலையில் பாறையில் இடித்து உள்ளே போயிருந்த இடது பின்மூலையையும் சரிசெய்துவிட வேண்டும். இவ்வளவுதான் என் திட்டம். ஒரு வாரம், இருபத்தைந்தாயிரம் ரூபாய் என்று பேசிப் பட்டறையில் விட்டேன். ஐந்து வாரம் ஆனது. செலவு இரட்டிப்பானது. இதற்கு நடுவில் ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்கும் கெடுவும் வந்து கழுத்தில் உட்கார்ந்துகொண்டது.

இத்தனைக்கும், தகரத்தை வெட்டிய வேலை மொத்தமே இரண்டு மணி நேரம்தான். மீதி எல்லாமே அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை. அவற்றை எந்த வரிசையில் செய்வது என்று தெரியாததால்தான் இழுத்தது. அந்த வரிசையைத்தான் கீழே தந்திருக்கிறேன். பழைய மகிந்திரா ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். தொட்டி மாதிரியான பாடியும் தனிச் சேஸிஸும் (அடிச்சட்டம்) இரண்டுக்கும் பொது.

1. கிரைண்டருக்கு முன்னால் ஆர்.சி.யை எடுங்கள்

வண்டி பதிவான தேதியைப் பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். நம் ஊரில் இதையும் எஃப்.சி. என்றே சொல்வோம். படிவம் 25-இல், முடியும் தேதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். தகர வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் இந்தத் தேதிக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே வண்டியைப் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். நான் இரண்டு மாதம் இருக்கும்போது விட்டேன். போதவில்லை.

அடுத்தது, எதையெல்லாம் மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

துருப்பிடித்த தகரத்தை வெட்டிவிட்டு அதே வடிவத்தில் புதுத் தகரம் வைப்பது ரிப்பேர். அதில் பிரச்சினை இல்லை. பின்பக்கத்தைப் பாதியாக அறுத்துவிட்டுப் பிக்கப் மாதிரி ஆக்குவது, சாஃப்ட் டாப்பை ஹார்ட் டாப் ஆக்குவது, இருக்கைகளின் எண்ணிக்கையை மாற்றுவது எல்லாம் வேறு கதை. வீல் ஆர்ச்சை, அதாவது சக்கரத்துக்கு மேலே வளையும் தகர விளிம்பை, ஓரிரு அங்குலம் வெட்டுவது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆர்.சி.யில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை என்றாலும் வண்டியைச் சோதிப்பவர் கண்ணில் படும். வெட்டிய விளிம்பு கூர்மையாக இல்லாமல் மடங்கி முடிந்திருக்க வேண்டும், டயர் பாடிக்கு வெளியே துருத்தக்கூடாது. அடக்கமாகச் செய்யுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். காட்டுப் பாதைக்கு மட்டுமே வைத்திருக்கும் வண்டியில் என்ன செய்தாலும், அதே வண்டி சாலையில் ஓடித்தான் அந்தக் காட்டுக்குப் போகிறது.

நிறம்: ஜிப்சி என்றாலே ராணுவப் பச்சை அடிக்க வேண்டும் என்று பலருக்கு ஆசை. மத்திய மோட்டார் வாகன விதி 121, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது என்கிறது. வேறு நிறம் என்றால் அடிக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்று, ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பழைய நிறத்தையே அடித்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. நான் வெள்ளையிலேயே நின்றுவிட்டேன்.

2. இன்சூரன்ஸ் விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனம்

என் பாலிசி சொந்த சேதத்தையும் சேர்த்தது. பாறையில் இடித்தது விபத்துதான். ஆனால் நான் நான்கு மாதம் கழித்து, மூலையைப் பாதி அறுத்த பிறகு, ஒரு நண்பர் கேட்டபோதுதான் ‘அட, கிளெய்ம் செய்திருக்கலாமே’ என்று நினைத்தேன். இன்சூரன்ஸ் சர்வேயர் (சேதத்தை மதிப்பிட வருபவர்) பார்ப்பதற்கு முன்பு பிரித்த வண்டிக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். இடித்த உடனே தெரிவிக்க வேண்டும். அவர் வந்து படம் எடுக்கும்வரை தொடக்கூடாது.

அப்படிச் செய்தாலும் எவ்வளவு வரும் என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு, மாற்றும் உலோகப் பாகங்களின் விலையில் 50 சதவீதத்தைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸும் போகும். சின்ன ஒடுக்கு என்றால் கையிலிருந்து செலவழிப்பதே லாபமாக இருக்கலாம். துருவுக்கு எந்தப் பாலிசியிலும் பணம் கிடையாது. பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றில் கலந்துகொண்டபோது நேர்ந்த சேதத்துக்கும் கிடையாது.

3. காந்தமும் ஸ்க்ரூடிரைவரும்

வேலை எவ்வளவு என்பது வெளியே பார்த்தால் தெரியாது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து, பின்பக்கம் முழுக்க நகர்த்திப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) இருக்கிறது. பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, தட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். நல்ல தகரம் ‘டங்’ என்று எதிர்த்துப் பேசும். உளுத்தது ‘டப்’ என்று உள்வாங்கும்.

கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்: பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் கீழ்மூலை (சக்கரம் எறியும் சேறெல்லாம் அங்குதான் போய் உட்காரும்), வீல் ஆர்ச்சில் உள்தகரமும் வெளித்தகரமும் சேரும் உதடு, பின்கதவுக்குக் கீழே இருக்கும் குறுக்குப் பட்டை, பாடி சேஸிஸோடு போல்ட் போட்டு உட்காரும் பின்பக்க மவுண்டுகள். கடைசியாகச் சொன்ன மவுண்டு உளுத்திருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள். பாடி உட்காரும் இடமே ஆடும்போது மேலே எவ்வளவு அழகாக ஒட்டினாலும் விரிசல் விடும்.

என் வண்டியின் இடது மூலையில், தகர வேலை செய்யும் டிங்கர் அண்ணன் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு தட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டி அப்படியே கழன்று விழுந்தது. ஓர் அங்குலக் கனம். பட்டி, அதற்குள் கொசுவலைக் கம்பி, அதற்கும் பின்னால் அடைத்து வைத்த செய்தித்தாள். ஈரத்தில் பழுப்பேறிப்போயிருந்த அந்தத் தாளில் பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டை மாற்ற வங்கி வாசலில் வரிசை நிற்கும் படம். அதாவது 2016 நவம்பரில் யாரோ செய்த ‘ரிப்பேர்’.

‘‘தம்பி, நீங்க ஒடுக்கு எடுக்கச் சொன்னீங்க. இங்க ஒடுக்கு எடுக்கத் தகரமே இல்லையே’’ என்றார்.

இந்தச் சோதனையை விலை பேசுவதற்கு முன்பே நான் செய்திருந்தால் இருபத்தைந்தாயிரம் என்ற பேச்சே வந்திருக்காது.

4. எவ்வளவு வெட்ட வேண்டும் என்று டயரையே கேளுங்கள்

ஆர்ச்சை எவ்வளவு வெட்டுவது என்று கண்ணால் முடிவு செய்யக்கூடாது. முதலில் கணக்கு. ஜிப்சி கிங்கில் (என்னுடையது போன்ற பிந்தைய மாடலில்) வந்தது 205/70 ஆர் 15; முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அதன் விட்டம் சுமார் 668 மில்லிமீட்டர். காட்டுப் பாதைக்குப் பலர் போடும் 235/75 ஆர் 15-இன் விட்டம் சுமார் 733. பாதியாக்கினால், டயரின் மேல் விளிம்பு பழைய இடத்தைவிட 33 மில்லிமீட்டர் ஆர்ச்சை நெருங்குகிறது. அகலத்தில் 30 மில்லிமீட்டர் கூடுகிறது. நடுவில் 215/75 ஆர் 15 இருக்கிறது: விட்டம் சுமார் 703. இதற்குப் பெரும்பாலும் வெட்டத் தேவையிருக்காது. வெட்டாமல் தப்பிக்க முடியுமா என்று ஒருமுறை யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை.

வெட்டத்தான் வேண்டும் என்றால், பெரிய டயரை மாட்டிக்கொண்டு, ஒரு முன்சக்கரத்தையும் அதற்கு மூலைவிட்டமாக எதிரே இருக்கும் பின்சக்கரத்தையும் மரக்கட்டைகள் மேல் ஏற்றுங்கள். பின்பக்கத்தில் நான்கு மூட்டை சிமெண்டோ மணலோ வையுங்கள். பட்டை ஸ்பிரிங் அமுங்கி, மேலே இருக்கும் ரப்பர் ஸ்டாப்பரை அச்சு தொடும்வரை அழுத்த வேண்டும். அந்த நிலையில் டயர் எங்கே தொடுகிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே இன்னும் ஓர் அங்குலம் விட்டு இரண்டாவது கோடு. வெட்டு அந்த இரண்டாவது கோட்டில்தான். அடுத்த பக்கத்துக்கும் இதையே தனியாகச் செய்யுங்கள். ஒரு பக்கத்து அளவை அட்டையில் வெட்டி மறுபக்கத்தில் வைத்தால் போதும் என்று நினைத்தேன். என் வண்டியில் இரண்டு பக்கத்துக்கும் எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம். பழைய வண்டிகளில் ஸ்பிரிங் ஒரு பக்கம் தொய்ந்திருப்பது சகஜம்.

பின்மூலை வேறு கணக்கு. மேட்டிலிருந்து இறங்கும்போது முதலில் இடிப்பது அதன் கீழ்நுனி. அதைச் சாய்வாக வெட்டி மூடினால் இறங்கும் கோணம் கூடும். பின்விளக்கையும் பம்பர் பிடிக்கும் இடத்தையும் தொடாத அளவுக்கு வெட்டுங்கள். என்னுடையதில் நான்கு விரல் அகலம்தான் வெட்டினோம், அதுவே போதுமாக இருந்தது.

5. பட்டறையில் பேச வேண்டியவை

மொத்த ஒப்பந்தம் பேசாதீர்கள். பிரித்துப் பார்த்தால்தான் வேலை தெரியும் என்பதால், அவர் பயந்துபோய் அதிகம் சொல்வார், அல்லது குறைத்துச் சொல்லிவிட்டுப் பட்டியால் ஈடுகட்டுவார். நாள் கூலியும் பொருள் செலவு தனி என்பதும் இருவருக்கும் நல்லது. கேட்க வேண்டியவை மூன்று.

வெல்டிங் எது? சி.ஓ.டூ வெல்டிங் இருக்க வேண்டும், 0.8 கம்பியோடு. சாதாரண ஆர்க் வெல்டிங் ராடு பாடித் தகரத்தை ஓட்டை போட்டுவிடும். கேஸ் வெல்டிங்கில் நல்ல கை இருந்தால் அழகாக வரும். ஆனால் சூடு அதிகம் பரவி, தகரம் வயிறு தள்ளும்.

தகரம் எது? வெளிப்பக்கத்துக்கு 20 கேஜ் சி.ஆர். ஷீட் (பூச்சில்லாத வழவழப்பான இரும்புத் தகடு), அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டர். தரைக்கும் மவுண்டுக்கும் 18 கேஜ், சுமார் 1.2. ஜி.ஐ. ஷீட் (துத்தநாகம் பூசிய தகடு) துருப்பிடிக்காது என்று சொல்லி அதை வைப்பார்கள். அதன் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் வெல்டு வைத்தால் புகையில் காய்ச்சல் வரும், வெல்டும் பொரிந்துபோகும். பூச்சை எடுத்துவிட்டால் அப்புறம் அது ஜி.ஐ.யே இல்லை. பழைய வண்டியிலிருந்து வெட்டிய பேனல் வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டை மாதிரியான இடங்களில் கிடைக்கும். வாங்கினால் பில்லோடு வாங்குங்கள். அதிலும் காந்தத்தை வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது: உள்பக்கத்துக்கு யார் பொறுப்பு? வெளியே பளபளப்பாகக் கொடுத்துவிட்டு உள்ளே வெறும் தகரமாக விட்டுவிடுவதுதான் வழக்கம். உள்ளேயும் பிரைமர் அடிப்பதாகக் கூலி பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

காலமும் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலையைத் தொடங்காதீர்கள். நான் கோடையில்தான் செய்தேன், அப்படியும் ஒரு ராத்திரிக் கோடை மழையில் தேய்த்து வைத்த தகரம் முழுக்கக் காலையில் மஞ்சள் பூத்திருந்தது. ஒரு நாள் வேலை வீண். அன்றன்று திறந்த தகரத்துக்கு அன்றன்றே பிரைமர் என்று சொல்லி வைப்பது நல்லது.

6. கழற்றுவதில் சோம்பல் கூடாது

பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றுங்கள். 2000-க்குப் பிறகு வந்த ஜிப்சிகளில் எரிபொருள் ஊசிமுறை இருப்பதால் கணினிப் பெட்டியும் இருக்கிறது. வெல்டிங் கரண்ட் அதன் வழியாகப் போனால் புதுப் பெட்டிக்கு அலைய வேண்டியதுதான். எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள்.

பெட்ரோல் டேங்க் பின்பக்கத் தரைக்கு அடியில் இருக்கிறது, 40 லிட்டர். அதை இறக்கியே ஆக வேண்டும். ‘ஈரச் சாக்கு போட்டு மூடிவிடலாம்’ என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போங்கள். காலியான டேங்க்கில் ஆவி இருக்கும், நிறைந்த டேங்க்கைவிட அது ஆபத்து. இறக்கியதைப் பட்டறைக்கு வெளியே, பொறி பறக்காத இடத்தில் வையுங்கள். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து வரும் ரப்பர் குழாயையும் சேர்த்துக் கழற்றி, வெடிப்பு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

பிறகு பின்பக்கப் பெஞ்சு சீட்டுகள், தரைவிரிப்பு, பின்விளக்குகள், அவற்றுக்குப் பாடியின் உள்ளே ஓடும் ஒயர், கூரைத் துணியும் அதன் கம்பிகளும். ஒவ்வொன்றையும் கழற்றும்போது போனில் படம் எடுங்கள். போல்டுகளைத் தனித்தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள். நான் எல்லாவற்றையும் ஒரே பெயின்ட் டப்பாவில் போட்டேன். திரும்ப மாட்டும்போது அரை நாள் போனது.

7. வெட்டும் முன் கட்டுங்கள்

யாரும் எனக்குச் சொல்லாதது இது. ஜிப்சியின் பின்பக்கம் மேலே திறந்த தொட்டி. பின்கதவு பக்கவாட்டில் திறப்பது, அதிலேயே ஸ்டெப்னியும் தொங்குகிறது. இரண்டு மூலைகளையும் ஒரே நேரத்தில் அறுத்துவிட்டால் கதவுச் சட்டத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. எங்கள் வண்டியில் அது மெல்ல விரிந்தது. புதுத் தகரத்தை ஒட்டி முடித்த பிறகு கதவைச் சாத்தினால் பூட்டு ஒரு விரல்கடை தள்ளி நிற்கிறது. ஒரு பக்கத்தை மறுபடி அறுத்து ஒட்ட நான்கு நாள்.

ஆகவே: ஸ்டெப்னியைக் கழற்றுங்கள். கதவைச் சாத்தி, இடைவெளி மேலேயும் கீழேயும் எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். கதவுத் திறப்பின் குறுக்கே ஓர் ஆங்கிளையோ குழாயையோ தற்காலிகமாக டேக் (சின்னப் புள்ளி வெல்டு) வைத்து நிறுத்துங்கள். வண்டி சமதரையில், நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும், ஜாக்கியில் அல்ல. ஒரு பக்கத்தை முழுதாக முடித்து, கதவைச் சாத்திப் பார்த்த பிறகே மறுபக்கம்.

8. ஆர்ச்சை வெட்டி மடக்குவது

வீல் ஆர்ச் இரண்டு தகரம். வெளிப் பேனலும் உள்ளே சக்கரத்தை மூடும் தொப்பியும் உதட்டில் ஸ்பாட் வெல்டால் சேர்ந்திருக்கின்றன. அந்த உதட்டை வெட்டி எறிந்தால் இரண்டும் பிரிந்துவிடும். நடுவில் வாய் பிளந்து, சேறும் தண்ணீரும் நேராக உள்ளே போகும். வெட்டிவிட்டு வெறும் ரப்பர் பீடிங் மாட்டித் திரியும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மழைக்காலம் தாங்கும், அவ்வளவே.

சரியான முறை: வெளித்தகரத்தை மட்டும் கோட்டில் வெட்டுங்கள். நான்கு அங்குலக் கிரைண்டர், ஒரு மில்லிமீட்டர் கட்டிங் வீல், வீலை மூடும் பாதுகாப்புக் கார்டைக் கழற்றாமல், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. உள்தகரத்தைக் கோட்டிலிருந்து ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். மிஞ்சி நிற்கும் அந்த அங்குலத்தில், அங்குலத்துக்கு ஒரு கீறல் வீதம் போட்டால் பல்வரிசை மாதிரி நிற்கும். ஒவ்வொரு பல்லையும் சுத்தியலால் மேலே மடக்கி வெளித்தகரத்தோடு ஒட்ட வையுங்கள். பின்பு டேக், டேக்காக வெல்டு. கடைசியில் கீறல்களை அடைத்து, தேய்த்து, சீலர் பூச வேண்டும்.

எல்லா டேக்கும் முடிவதற்குள் டயரை மாட்டி மறுபடி ஒருமுறை கட்டைமேல் ஏற்றிப் பாருங்கள். அந்த நிலையில் இன்னும் கொஞ்சம் வெட்டுவது சுலபம்.

9. துருவை வெட்டித் தகரம் வைப்பது

துரு தெரியும் இடத்தோடு நிறுத்தாதீர்கள். பளபளக்கும் தகரம் வரும்வரை, அதற்கு மேலும் அரை அங்குலம் வெட்டுங்கள். ஓட்டைக்கு மேலே ஒரு துண்டை வைத்து ஒட்டுவது கூடாது. இரண்டு தகரத்துக்கும் நடுவில் தண்ணீர் நின்று அங்கிருந்தே மறுபடி தொடங்கும். விளிம்போடு விளிம்பு சேரும்படி, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியோடு, அட்டையில் மாதிரி வெட்டிப் பார்த்துத் தகரத்தை வெட்டுங்கள். மூலைகள் கூராக இல்லாமல் வளைவாக இருந்தால் விரிசல் ஓடாது.

வெல்டைக் கோடாக இழுக்கக்கூடாது. ஓர் அங்குல இடைவெளியில் ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி, நடுவில் ஒன்று. கை வைத்தால் சூடு தாங்கும் அளவுக்கு ஆறிய பிறகு அடுத்த சுற்று. எங்கள் அண்ணன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டீ குடிப்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. இரண்டாவது நாள் உதவியாள் அவசரப்பட்டு ஒரே மூச்சில் இழுத்த ஓரடி இடம் அப்பளம் மாதிரி நெளிந்த பிறகு, டீயை நானே வாங்கிக் கொடுத்தேன்.

கீழ்மூலையில் தயாரிப்பாளர் விட்டிருக்கும் வடிகால் துளைகளைப் புதுத் தகரத்திலும் அதே இடத்தில் போடச் சொல்லுங்கள். மூடிவிடுவார்கள், கவனம். வெல்டிங் முடிந்தபிறகு அரை மணி நேரம் வண்டிப் பக்கத்திலேயே ஒரு பக்கெட் தண்ணீரோடு இருங்கள். கழற்றாமல் விட்ட ஒரு துண்டு ஃபோம் போதும், யாரும் இல்லாத நேரத்தில் புகைய ஆரம்பிக்கும்.

10. பட்டி, பெயின்ட், அடிப்பூச்சு

வரிசை: வெறும் தகரத்தின்மேல் எப்பாக்ஸி பிரைமர், ஒரு ராத்திரி காய வேண்டும். பிறகு இணைப்புகளில் சீலர். வெளித்தகரத்தில் பிரைமரின்மேல் பட்டி, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாமல். மேடுபள்ளம் அதற்கும் அதிகம் என்றால் டாலியும் (தகரத்துக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டை) சுத்தியலும் இன்னும் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். உப்புத்தாள், சர்ஃபேசர், வாட்டர் பேப்பர், கடைசியில் நிறம். வெறும் ரெட் ஆக்சைடு அடித்து மேலே பெயின்ட் அடிப்பது மலிவு. காட்டில் கல்லடி படும் இடத்துக்கு அது போதாது.

அடிப்பூச்சு என்பது வண்டியின் அடிப்பக்கத்தில் கருப்பாக, தடிமனாக அடிப்பது. அடிக்கும் நாளில் கட்டாயம் அங்கே இருங்கள். நான் இல்லை. அடித்த பையன் அக்கறையாக, ஓர் இடம் விடாமல் அடித்திருக்கிறான், சேஸிஸ் எண்ணையும் சேர்த்து. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போவதற்கு முந்தைய நாள் இரவு, தின்னரும் பழைய டூத் பிரஷுமாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகத் தோண்டினேன். கம்பி பிரஷோ கிரைண்டரோ அங்கே படவே கூடாது. எண் அழிந்ததுபோல் தெரிந்தால் வண்டியே சந்தேகத்துக்குரியதாகிவிடும். வேலை தொடங்கும் முதல் நாளே அந்த இடத்தில் கிரீஸ் தடவி, மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். இரண்டு ரூபாய் வேலை.

11. கணக்கு

எனக்கு ஆனது:

சி.ஆர். ஷீட் 20 கேஜ், எட்டுக்கு நான்கு அடி ஒன்று (சுமார் 21 கிலோ): 1,700
டிங்கருக்கும் உதவியாளுக்கும் 12 நாள், நாளுக்கு 1,900: 22,800
கேஸ், வெல்டிங் கம்பி, வீல்கள்: 2,500
பிரைமர், சீலர், பட்டி, பெயின்ட்: 9,000
பெயின்டர் கூலி: 8,000
அடிப்பூச்சு, உள்ளே தெளிக்கும் மெழுகு: 3,500
ரப்பர், கிளிப், பல்பு, உடைந்த போல்டுகள்: 2,400

மொத்தம் 49,900. டயர் தனி. இதில் கதவு விரிந்ததற்கு மட்டும் நான்கு நாள் கூலி, 7,600 ரூபாய், தண்டம். ஊருக்கு ஊர் கூலி மாறும். ஆனால் பொருளைவிடக் கூலிதான் பெரிது என்பது மாறாது. ஐந்து வாரத்தில் கைவேலை நடந்தது பதினெட்டு நாள்தான். மற்றதெல்லாம் காய்வது, காத்திருப்பது, அவர் வேறு வண்டிக்குப் போய்விட்டு வருவது.

12. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால்

பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, நேரம் முன்பதிவு செய்ய வேண்டும். கையில் கொண்டுபோக வேண்டியவை: படிவம் 25, ஆர்.சி., நடப்பில் இருக்கும் இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரியும் பசுமை வரியும் கட்டிய ரசீது, முகவரிச் சான்று, சேஸிஸ் எண்ணின் பென்சில் பதிவு. 2022 ஏப்ரல் முதல் காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாய். முன்பு 600-ஆக இருந்தது. இருபது ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். தாமதித்தால் மாதத்துக்கு 500 கூடும்.

பழைய அளவு டயரைப் போட்டுக்கொண்டு போனேன், அதுவே நல்லது. பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது வண்டியைச் சோதிக்கும் ஆர்.டி.ஓ. அலுவலக ஆய்வாளர், முதலில் பார்த்தது விளக்குகளை. இடது பின்பக்க இண்டிகேட்டர் எரியவில்லை. புது பெயின்ட்டின்மேல் எர்த் ஒயரைப் போல்ட் போட்டிருந்தார்கள், தகரத்தைத் தொடவே இல்லை. பத்து ரூபாய் உப்புத்தாளைத் தேடி எதிரே இருந்த கடைக்கு ஓடினேன். கிளம்பும் முன் எல்லா விளக்கையும், ஹாரனையும், நம்பர் பிளேட் விளக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

13. முதல் மழைக்குப் பிறகு

பின்பக்கத் தரைவிரிப்பை உடனே ஒட்டிவிடாதீர்கள். மூன்று மாதம் சும்மா விரித்து வையுங்கள். நல்ல மழையில் ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து, தூக்கிப் பார்த்து, ஈரம் இருந்தால் வந்த வழியைத் தேடுங்கள். வடிகால் துளைகளில் ஒரு கம்பியை விட்டுச் சேற்றைத் தள்ளுங்கள். எனக்கு இடது மூலையின் அடியில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சீலர் பிடிக்காமல் விட்ட இடம் அப்படித்தான் அகப்பட்டது. தேய்த்து, பிரைமர் தொட்டு, சீலர் வைக்க இருபது நிமிடம் ஆனது.